பொல்லு எந்தக் கையில்? இடுப்பு மூட்டு நோவோடு நடமாடும் வழிகள்

மூன்று மாதம் நான் பொல்லைப் பிழையான கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேன். நோவது வலது பக்கம், ஆகவே பொல்லும் வலது கையில். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தேன். கடைசியில் பிசியோதெரபி செய்யும் பிள்ளை ஒன்று, "அம்மா, பொல்லு மற்றக் கையிலயெல்லோ பிடிக்க வேணும்" என்று சொல்லி இடது கைக்கு மாற்றிவிட்டது. பத்து அடி நடந்துவிட்டு அப்படியே நின்றேன். நோவு பறந்துபோனது என்று சொன்னால் பொய். ஆனால் கெந்திக் கெந்தி நடந்தது அந்த இடத்திலேயே பாதி குறைந்தது.

எனக்கு 67 வயது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். முப்பது வருசம் சைக்கிளில் வேலைக்குப் போன கால் இது. இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கரவெட்டியில் இருக்கும் என் மச்சாள். போன கிழமை அவவுக்கு எக்ஸ்ரே எடுத்து, இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆள் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. "நடந்தால் இன்னும் தேயுமாம்" என்கிறா. யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொல்லுகினமாம்.

முதலில் அதைத் தீர்த்துவிடுகிறேன். மூட்டு எலும்புகளின் நுனியில் வழுவழுப்பாக இருக்கும் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போகிறது. பாரம் விழும்போது பஞ்சுபோலப் பிழிந்து, பாரம் போகும்போது உறிஞ்சிக்கொள்ளும். கால் அசைந்தால்தான் அந்த வேலை நடக்கும். அதோடு, கதிரையில் இருந்துவிட்டால் இடுப்பைச் சுற்றியுள்ள தசை வற்றும். தசை வற்றினால் முழுப் பாரமும் மூட்டிலேயே போய் விழும். அதனால் இன்னும் நோகும், நோவதால் இன்னும் இருப்போம். நானும் அப்படி நாலு மாதம் இருந்து பார்த்தவள். எழும்பும்போது இருந்ததைவிட மோசமாகத்தான் எழும்பினேன்.

இன்னொரு பிழையும் செய்தேன். எட்டு மாதம் முழங்காலுக்கு எண்ணெய் பூசினேன். இடுப்பு மூட்டுக் கெட்டால் நோவு பெரும்பாலும் கவட்டுக்குள்ளும் துடையின் முன்பக்கத்திலும் தெரியும். சிலருக்கு இறங்கி முழங்காலில் போய் நிற்கும். நாரி நோவு என்று நாம் சொல்வது அநேகமாக முதுகெலும்பின் விசயம், அது வேறு. காலின் மேல் கால் போட்டுப் பெருவிரல் நகம் வெட்ட முடியவில்லை, செருப்பு வார் மாட்டக் குனிய முடியவில்லை, முழங்காலைப் பார்த்தால் ஒரு வீக்கமும் இல்லை என்றால், டொக்டரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். விடிய எழும்பும்போது இறுகியிருந்து, அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடுவதும் தேய்மானத்தின் குணம். மணிக்கணக்காக இறுகியிருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும்.

சரி, பொல்லுக்கு வருவோம். வலது காலில் மட்டும் ஊன்றி நிற்கும் கணத்தில் உடம்பு இடது பக்கம் சரியப் பார்க்கும். சரியாமல் பிடித்து வைப்பது வலது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அது மூட்டுக்கு மிகக் கிட்ட இருப்பதால் பெரும் பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுத் துலாவில் கட்டைப் பக்கத்தில் ஏன் அவ்வளவு பாரம் கட்டுகிறார்கள் என்று யோசித்தால் விளங்கும். உடம்பின் பாரமும் இந்த இழுவையும் சேர்ந்து, நடக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டில் விழுவது நம் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. பொல்லு இடது கையில் இருந்தால், மூட்டிலிருந்து தூரத்தில் நின்று ஒரு சின்ன முட்டுக் கொடுக்கிறது. தூரத்தில் நிற்பதால் அந்தச் சின்ன முட்டே போதும், தசை இழுக்க வேண்டிய பலம் நன்றாகக் குறையும். வலது கையில் பிடித்தால் இந்த உதவி ஒன்றும் இல்லை.

ஆகவே நோகும் காலுக்கு எதிர்க் கை. நோகும் காலும் பொல்லும் ஒன்றாக முன்னே போக வேண்டும். பொல்லின் உயரத்தைக் கடைக்காரரின் கண்மட்டத்தில் வாங்காதீர்கள். தினமும் போடும் செருப்பைப் போட்டு, நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிடுங்கள். பிடியின் மேல்பக்கம் மணிக்கட்டு மடிப்புக்கு வரவேண்டும். பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கும். என் அப்பாவின் பழைய பொல்லு பார்க்க வடிவு, ஆனால் எனக்கு இரண்டு அங்குலம் உயரம். அதை ஊன்றியபோது தோள்மூட்டும் நோகத் தொடங்கியது. அடியில் ரப்பர் குப்பி இருக்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். கிணற்றடிச் சீமெந்தில் தேய்ந்த ரப்பர் வழுக்கும்.

சந்தைப் பையை எந்தக் கையில் தூக்குவது? இதுவும் நினைப்பதற்கு எதிர்மாறு. நோகும் பக்கக் கையில் தூக்கினால்தான் மூட்டுக்குச் சுகம். இடது கையில் பொல்லு, வலது கையில் பை என்று அது தானாகவே பொருந்திவிடுகிறது. பாரமான பை என்றால் எந்தக் கையிலும் வேண்டாம், சைக்கிள் கூடைக்குள் போடுங்கள்.

படிக்கட்டுக்கு ஒரு கணக்கு. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பொல்லும் நோகும் காலும் முன்னே. பஸ்ஸுக்கும் இதேதான். பஸ்ஸின் முதல் மிதி நம் ஊரில் உயரம், கொண்டக்டர் வேறு அவசரப்படுத்துவார். நான் இப்போது தரிப்பிடத்தில் மதகு அல்லது உயர்ந்த ஓரம் பார்த்து நிற்கிறேன், பொல்லைப் பைக்குள் செருகிவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுகிறேன். "தம்பி, கால் ஏலாது, ஆறுதலா ஏறுறன்" என்று முதலே சொல்லிவிட்டால் ஒருவரும் கத்துவதில்லை. ஓட்டோவில் ஏறும்போது கால் முதலில் போகக் கூடாது. வெளியே பார்த்தபடி இருக்கையில் முதலில் இருந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க வேண்டும்.

நோவை எப்படி அளப்பது என்பதுதான் எனக்கு விளங்க மிக நாள் எடுத்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள். போன முறை கொடியேற்றத்தன்று பொல்லும் இல்லாமல் வெளிவீதி முழுக்க மணலில் நடந்தேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, அரோகரா சத்தத்தில் யாருக்குத்தான் கால் ஞாபகம் வரும்? பிறகு ஐந்து நாள் கட்டில். பயத்தில் தேர்த் திருவிழாவையும் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு பிசியோதெரபிப் பிள்ளை சொல்லித் தந்த கணக்கு இது. நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட வேண்டும். பயிற்சி செய்யும்போது நாலு, ஐந்து மட்டும் போகலாம், பயப்படத் தேவையில்லை. ஆனால் அடுத்த நாள் விடிய அது வழமையான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் நேற்றுச் செய்தது கூட. அப்போது நிற்பாட்டுவதில்லை, பாதியாக்குவது. இறங்கியிருந்தால் அதே அளவை ஒரு கிழமை செய்து, பிறகு கொஞ்சம் கூட்டுவது.

கணக்கெழுதிய கை சும்மா இருக்குமா? சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் இரண்டு எண் எழுதுகிறேன். எத்தனை நிமிடம் நடந்தேன், விடிய நோவு எத்தனை. மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நடந்த நாளுக்கு அடுத்த நாளைவிட, ஒன்றும் செய்யாமல் இருந்த நாளுக்கு அடுத்த நாள்தான் எனக்குப் புள்ளி கூட.

இனி வீடு. நடப்பதைவிட இந்த மூட்டுக்குப் பகை ஆழமாக மடிப்பதும், மடித்தபடி காலைத் திருப்புவதும். எங்கள் வாழ்க்கை முழுவதும் நிலத்தில் அல்லவா? குந்தியிருந்து மீன் வெட்டுவது, பாயில் இருப்பது, திருவலைப் பலகையில் காலை அகட்டி இருந்து தேங்காய் திருவுவது. நான் மாற்றியதெல்லாம் உயரங்களைத்தான். இருந்தால் முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் பதிவாக, அதாவது தாழ்வாக, இருக்க வேண்டும், அதுதான் அளவு. பிளாஸ்டிக் கதிரை பதிவாக இருந்தால், அதே வகைக் கதிரை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குங்கள், சில அங்குலம் உயரும், ஆடாது. கைபிடி உள்ள கதிரையாகப் பாருங்கள். கட்டிலின் நாலு காலுக்கும் குழி வெட்டிய மரக்கட்டை வைத்து உயர்த்தித் தந்தார் எங்கள் ஒழுங்கை மேசன். திருவலைக்குப் பதிலாக மேசையில் பூட்டிக் கையால் சுற்றும் வகை வாங்கினேன். அம்மா இருந்திருந்தால் அந்தத் தேங்காய்ப் பூவைப் பார்த்து இது சம்பலுக்கு உதவாது என்று சொல்லியிருப்பா. சொல்லட்டும்.

முற்றம் கூட்ட ஈர்க்கு விளக்குமாற்றை நீளத் தடியில் கட்டிவிட்டேன். கிணற்றில் அள்ளுவதென்றால் அரை வாளி, இரண்டு காலும் ஊன்றி. வாளியோடு இடுப்பைத் திருப்பாமல், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். உள்பாவாடை மாட்டும்போது கட்டிலில் இருந்துகொண்டு நோகும் காலை முதலில் விட வேண்டும், கழற்றும்போது அது கடைசி.

மலசலகூடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, நான் திறக்கிறேன். குந்தும் கக்கூஸ்தான் என்னை முதலில் அழவைத்தது. குந்தி எழும்பப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அதனால் மலச்சிக்கல், அதனால் இன்னும் நேரம் குந்தல். கொமேட் வைக்கக் காசு இல்லாவிட்டால், நடுவில் வட்டம் வெட்டிய, உறுதியான கொமேட் கதிரையைக் குழிக்கு மேல் வைக்கலாம். பக்கத்துச் சுவரில் ஒரு கைபிடிக் கம்பி பூட்டுங்கள். துவாய் கொழுவும் கம்பியைப் பிடித்து எழும்பாதீர்கள், அது கையோடு வந்துவிடும். எனக்கு வந்தது.

பயிற்சி என்று நான் செய்வது அதிகம் இல்லை. விடியக் கட்டிலை விட்டு இறங்க முதல், மல்லாந்து கிடந்து குதியைப் பாயில் இழுத்து முழங்காலை மடித்து நீட்டுவது, பக்கத்துக்குப் பத்து. அது இறுக்கத்தை இளக்கும். பிறகு இரண்டு முழங்காலையும் மடித்துப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்குவது. தொடக்கத்தில் நாலு தரம்தான் முடிந்தது, இப்போது பன்னிரண்டு. தேத்தண்ணி குடித்த பிறகு விறாந்தைத் தூணைப் பிடித்து நின்று, நீட்டிய காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. உடம்பு சரியக் கூடாது, கால் விரல் முன்னே பார்க்க வேண்டும். இரண்டு காலுக்கும் செய்ய வேண்டும், ஏனென்றால் நோகும் காலில் ஊன்றி நிற்பதும் அந்தத் தசைக்கு வேலைதான். பிறகு உயரமான கதிரையில் இருந்து, ஏலுமென்றால் கையை ஊன்றாமல், எழும்பி இருப்பது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் ராசா. கக்கூஸ், பஸ், கோவில், எல்லாமே எழும்புவதில்தான் தொடங்குகிறது. தசைக்கான இவற்றைக் கிழமைக்கு மூன்று நாள் செய்தால் போதும், இளக்கும் பயிற்சி மட்டும் தினமும்.

மத்தியானம் பத்து நிமிடம் குப்புறக் கிடப்பேன். நெடுநேரம் கதிரையில் இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம் சுருங்கிவிடும், நிமிர்ந்து நடக்க வராது. குப்புறக் கிடந்தால் அது மெல்ல நீளும். செலவில்லாத வைத்தியம், சில வேளை நித்திரையும் வரும். பலன் தெரிய ஆறு, எட்டுக் கிழமை எடுத்தது. இரண்டாம் கிழமையில் "இது சரிவராது" என்று விடப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சைக்கிளை விற்றுவிடாதீர்கள். குடாநாடு மேடு பள்ளமில்லாத தரை, சைக்கிளுக்கென்றே கிடக்கிறது. மிதிக்கும்போது உடல் எடை இருக்கையில், மூட்டுக்கு அசைவு மட்டும். பல நாள் எனக்கு நூறு யார் நடப்பது கஷ்டம், ஆனால் கோண்டாவில் வரை மிதிப்பது சுகம். நடுவே பார் இல்லாத பெண்கள் சைக்கிள்தான் வேண்டும், ஆண்களுக்கும்தான், வெட்கம் பார்க்க வேண்டாம். சைக்கிளை நம் பக்கம் நன்றாகச் சரித்துக்கொண்டு காலை உள்ளே எடுக்க வேண்டும். இருக்கை உயரமாக இருக்கட்டும், மிதி கீழே போகும்போது முழங்கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். பதிந்த இருக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு மடிந்து கவட்டுக்குள் நெரிக்கும். உயர்த்தினால் கால் நிலத்தில் எட்டாது என்று பயம் வரும், நான் மதகுக் கட்டு, படலைப் படி என்று நிறுத்தும் இடங்களை மனதில் குறித்து வைத்திருக்கிறேன். விழுந்துவிடுவேன் என்று தோன்றும் நாளில் எடுப்பதே இல்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் புறப்படுங்கள், திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். மாறிச் செய்து ஒரு நாள் மருதனாமடத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தேன்.

தண்ணீரை மறக்கக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் விழும் பாரம் ஏறக்குறையப் பாதி, நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. மாதத்தில் ஒரு தரம் மகளோடு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போகிறேன். அங்கே கடல் தூரத்துக்கு ஆழமில்லாமல் கிடக்கும். இடுப்பளவில் நின்று முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று இருபது நிமிடம் நடப்பேன். கீரிமலைக் கேணியும் நல்லது, ஆனால் படி பாசி வழுக்கும், தனியே இறங்கக் கூடாது.

குளிசை விசயத்தில் நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். பூச்சு மருந்து முழங்காலுக்கு உதவுமளவு இடுப்புக்கு உதவாது, மூட்டு அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. நோக் குளிசைகளில் சில இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரசரையும் கூட்டும். எனக்குப் பிரசர் இருப்பதால் டொக்டர் சொன்னதை மட்டும், நடப்பதற்கு முக்கால் மணித்தியாலம் முதல் எடுக்கிறேன். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் ஒருவர் தந்த "மூலிகைத் தூள்" மூன்றே நாளில் நோவைத் துடைத்தெடுத்தது. டொக்டரிடம் காட்டினேன். இப்படியானவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கக் கூடும் என்று சொல்லி நிற்பாட்டினார். எடை குறைந்தால் மூட்டுக்கு மூன்று மடங்கு லாபம், மேலே சொன்ன கணக்குத்தான். இரவுச் சோற்றைக் குறைத்து ஒரு வருசத்தில் ஐந்து கிலோ இறக்கினேன். புட்டை விடவில்லை, விடவும் மாட்டேன்.

விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை, காய்ச்சலோடு மூட்டு நோகிறது, திடீரென்று கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் பயிற்சி, பொல்லு எல்லாவற்றையும் விட்டு உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவும் செய்தும் இரவு நித்திரை இல்லை, வீட்டுக்குள்ளேயே நடக்க ஏலாது என்ற நிலை வந்தால் மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கதைக்க வேண்டும். நல்ல தசையோடு போகிறவர்கள் பிறகு கெதியாக எழும்புகிறார்கள், ஆகவே செய்த பயிற்சி வீண் போவதில்லை. என் டொக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார், நானும் அவசரப்படவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். செத்த வீடு, கலியாண வீடு, திருவாசக முற்றோதல், எங்கு போனாலும் பாய் விரித்திருப்பார்கள். முதல் ஆறு மாதம் வெட்கத்தில் பாயில் இருந்து, எழும்ப இரண்டு பேர் தூக்க, அதைப் பார்த்து எல்லாரும் இரக்கப்பட, அதற்கு ஒரு கதிரை கேட்டிருக்கலாம். இப்போது வாசலிலேயே கேட்டுவிடுகிறேன், சுவரோரம் போடச் சொல்கிறேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நின்று இருக்கலாம், ஒருவருக்கும் மறைக்காது. நல்லூரில் அடியழிப்பதை, அதாவது விழுந்து விழுந்து கும்பிட்டபடி வீதி சுற்றுவதை, விட்டுவிட்டேன். இந்த முறை கூட்டமில்லாத நாள் ஒன்றில், விடியப்புறம், மணலில் புதையாத அகன்ற அடி வைத்த பொல்லோடு ஒரு சுற்று. கலண்டரில் பதினைந்து நிமிடம் என்று பென்சிலால் எழுதியிருக்கிறது.

மச்சாள் வாற வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறா. ஓட்டோவில் வருவதாகத்தான் சொன்னா, நான் விடவில்லை. விறாந்தையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரையை அடுக்கி வைத்திருக்கிறேன், அப்பாவின் பொல்லையும் எடுத்துத் துடைத்தேன். அவ என்னைவிட உயரம், ரப்பர் குப்பி மட்டும் புதிது போட வேண்டும்.